ஏறிய மின்சாரம் எங்கே போயிற்று?

வண்டிச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஓர் ஓசை மட்டும் கேட்டு அடங்கிவிடுவதை நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? முகப்பு விளக்கு மின்மினிபோல் மங்கும். ஹாரன் முனகும். உடனே யாராவது ஒருவர், "பேட்டரி போச்சு. புதுசு வாங்கிடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். சில ஆயிரம் ரூபாய் செலவில் புதியது வரும். மூன்றே மாதத்தில் மறுபடியும் அதே 'டிக்'!

அப்படியானால் குற்றவாளி பேட்டரிதானா? நேற்று மாலை வரை நன்றாக இருந்த மின்சாரம் இரவோடு இரவாக எங்கே போயிற்று? இதைத் துப்பறிவதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், பட்டறைக்காரரிடம் இருக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், கொஞ்சம் பொறுமை, பத்தாம் வகுப்பு இயற்பியல் ஆகியவை போதும்.

இந்த விசாரணையை மறைமலை நகரிலிருந்து தொடங்குவோம். சென்னையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே இருக்கும் ஊர். இங்கிருந்து மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை வண்டித் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள் என எது வெளியே வந்தாலும் அதன் வயிற்றில் ஒரு பேட்டரி இருக்கும். ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் (1876–1950) தனித்தமிழ் இயக்கம் கண்டவர். அவர் பெயர் தாங்கிய ஊரில் நின்றுகொண்டு 'பேட்டரி' என்று சொல்லலாமா? பாடநூலில் 'சேமக்கலம்' என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் பட்டறைக்குப் போய்ச் சேமக்கலம் என்று கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்! ஆகவே முழுப்பெட்டியைப் 'பேட்டரி' என்றும், அதற்குள் இருக்கும் ஒவ்வோர் அறையையும் 'கலம்' என்றும் சொல்லி உடன்பாடு செய்துகொள்வோம்.

ஃபோர்டு மோட்டாரும் ஒரு மீன்பிடி படகும்

மறைமலை நகர் என்றாலே நெடுங்காலம் பலருக்கு நினைவுக்கு வந்தது ஃபோர்டு கார்த் தொழிற்சாலைதான். 1990களின் பிற்பகுதியிலிருந்து 2022 வரை அங்கே கார்கள் உருவாயின. அந்த ஃபோர்டு பெயருக்கும் நம் பொருளுக்கும் ஒரு விந்தையான உறவு உண்டு.

1934ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்னும் ஊர். அங்கே ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு 'மாடல் ஏ' காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினார். அதனுடன் ஒரு தண்டையும் சிறிய விசிறியையும் பொருத்திப் படகில் மாட்டினார். ஓசையின்றிப் படகு மெல்ல நகர்ந்தது. ஏரி மீன்களை அஞ்சவைக்காமல், தூண்டிலை நீரில் இழுத்தபடியே செல்வதற்கு இது மிகவும் ஏற்றதாயிற்று. இவ்வாறு தூண்டிலை இழுத்துச் சென்று மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'டிரோலிங்' என்று பெயர். அதனால் இதற்கு 'டிரோலிங் மோட்டார்' என்ற பெயர் நிலைத்தது. நம் கடற்கரையில் இழுவை மடி போடும் 'டிராலர்' விசைப்படகு வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மின்சாரப் படகு என்பது ஷ்மிட்டுக்கு முன்பே இருந்ததுதான். 1838இலேயே யாக்கோபி என்ற அறிஞர் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்மோட்டாரால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அவர் பயன்படுத்தியவை ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்ற வகைக் கலங்கள். தீர்ந்ததை மறுபடி நிரப்பும் வித்தையை 1859இல் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே. இரண்டு காரீயத் தகடுகளை நடுவே துணி வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். இன்று உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் கீழே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அதன் கொள்ளுப்பேரன்தான்.

இனி ஷ்மிட்டின் படகுக்குத் திரும்புவோம். காரிலிருந்து மோட்டாரை எடுத்தவர்கள், காரின் பேட்டரியையும் எடுத்துப் படகில் வைத்தால் என்ன ஆகும்? இங்கேதான் வம்பு தொடங்குகிறது. இன்றும் உலகெங்கும் படகுக்காரர்கள் "என் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லை" என்று புலம்புவதற்கு முதற் காரணங்களுள் ஒன்று இதுதான்.

ஓட்டக்காரனும் சுமைதூக்கியும்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காரைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறத்தாழ 150 ஆம்பியர் மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது என்று கொள்வோம். அம்மாடி, எவ்வளவு பெரிய மின்னோட்டம்! ஆனால் எவ்வளவு நேரம்? 3 வினாடிதான். 150 × 3 = 450 ஆம்பியர்-வினாடி. மணிக்கணக்கில் சொன்னால் 450 ÷ 3600 = 0.125 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியிலிருந்து எட்டில் ஒரு பங்கு ஆம்பியர்-மணிதான் செலவு! குடத்திலிருந்து ஒரு மடக்கு. என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதையும் சில நிமிடங்களில் நிரப்பிவிடுகிறது.

டிரோலிங் மோட்டாரோ முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு மணி நேரம் ஓடினால் 50 ஆம்பியர்-மணி. அதாவது காரை 400 முறை கிளப்புவதற்குச் சமம்!

ஆகவே இரண்டு வேலைக்கும் இரண்டு வகைப் பேட்டரிகள். காரில் இருப்பது நூறு மீட்டர் ஓட்டக்காரன். உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். மொத்தப் பரப்பு மிகுதியாதலால் நொடிப்பொழுதில் பெரிய மின்னோட்டத்தைக் கொடுக்கும். மற்றொன்று சுமைதூக்கி. தகடுகள் தடித்தவை, எண்ணிக்கையில் குறைவானவை. மெல்ல மெல்ல, அடிவரை கொடுத்தாலும் தாங்கும். ஓட்டக்காரனைச் சுமைதூக்க விட்டால், தகட்டில் பூசிய பொருள் ஒவ்வொரு முறையும் உப்பிச் சுருங்கி உதிர்ந்துபோகும். சில பத்துமுறை முழுதாக வடிந்தாலே அதன் கதை முடிந்தது. சுமைதூக்கி நூற்றுக்கணக்கான முறை தாங்கும்.

இந்த இரண்டு வகையையும் ஒரே இடத்தில் பார்க்க ஏரிக்குப் போக வேண்டாம், ஒரு வண்டித் தொழிற்சாலையே போதும். வாயிலில் வெளியேறும் புதுக் காரில் இருப்பது ஓட்டக்காரன். உள்ளே பெட்டிகளைத் தூக்கி வைக்கும் மின்சார ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் இருப்பது சுமைதூக்கி. அந்த ஃபோர்க்லிஃப்ட் பேட்டரியின் பெரும் எடைகூட வீணாவதில்லை. முன்னால் தூக்கும் பாரத்தால் வண்டி குடைசாயாமல் இருக்கப் பின்னால் அதுவே எதிர்பாரமாக உட்கார்ந்திருக்கிறது.

ஏரியும் பேட்டரியும்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரிகள் மிகுதி. ஓர் ஏரி வறண்டு கிடந்தால் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? வரத்துக்கால் அடைந்திருக்கலாம், தண்ணீரே வந்து சேரவில்லை. மதகு சரியாக மூடாமல் தண்ணீர் வெளியே கசிந்திருக்கலாம். மண்ணில் ஊறியும் வெயிலில் ஆவியாகியும் தானே குறைந்திருக்கலாம். அல்லது தூர் சேர்ந்து ஏரியே மேடாகிப் போயிருக்கலாம், நிரம்பியது போலத் தோன்றும், நான்கு நாளில் தீர்ந்துவிடும்.

பேட்டரிக்கும் அச்சு அசலாக இந்த நான்கு நோய்கள்தாம். 'சார்ஜ் நிற்கவில்லை' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நான்கு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. வரத்துக்கால் அடைந்த ஏரிக்குத் தூர் வாரி என்ன பயன்? அதுபோல, மதகு கசியும் வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்கி என்ன பயன்?

விசாரணையைத் தொடங்குமுன், ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தெரிய வேண்டும் அல்லவா? 12 வோல்ட் பேட்டரியில் ஆறு கலங்கள். ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். சார்ஜ் ஏற்றி, எந்த இணைப்பும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால், முழுதும் நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான். 11.8 என்றால் ஏறத்தாழக் காலி! நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட் கூட இல்லை, கவனித்தீர்களா? '12 வோல்ட் காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஏமாறுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

ஓய்வு கொடுக்காமல் அளப்பதும் ஏமாற்றமே. சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டிப் பசப்பும். அது தகட்டின் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் மின்னேற்றம். மழை பெய்தவுடன் தரையில் தேங்கி நிற்கும் நீர் போன்றது. ஏரி நிரம்பிவிட்டது என்று பொருளல்ல.

இன்னொரு வழி, அமிலத்தை அளப்பது. மின்சாரம் வெளியேறும்போது கலத்துக்குள் என்ன நடக்கிறது? நேர்த்தகட்டில் இருக்கும் காரீய ஈராக்சைடும், எதிர்த்தகட்டில் இருக்கும் பஞ்சு போன்ற காரீயமும், இரண்டுமே காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அதற்கு வேண்டிய சல்பேட்டை அமிலம் தருகிறது. மிச்சமாக நீர் உண்டாகிறது. ஆக, மின்சாரம் குறையக் குறைய அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். நிரம்பிய நிலையில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை. (நம் போன்ற வெப்ப நாடுகளில் சற்றுக் குறைவாக வைப்பதும் உண்டு.) காலியானால் 1.12 அளவுக்கு இறங்கிவிடும். ஹைட்ரோமீட்டரின் மிதவை எவ்வளவு அமிழ்கிறது என்பதே இதைச் சொல்லிவிடும்.

இதன் தத்துவத்தை அமிலம் தொடாமலே வீட்டில் செய்து பார்க்கலாம். தடித்த ஸ்ட்ரா ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து, உள்ளே சில குண்டூசிகளைப் போட்டு, நீரில் நிமிர்ந்து மிதக்கச் செய்யுங்கள். நீர்மட்டத்தில் மையால் கோடிடுங்கள். பிறகு ஐந்தாறு கரண்டி உப்புக் கரைத்த நீரில் விடுங்கள். கோடு நீருக்கு மேலே எழும்பி நிற்கும். மெக்கானிக் கையில் இருக்கும் கருவியும் இதேதான்.

வரத்துக்கால் அடைப்பு

முதலில் எளிதானதைப் பார்ப்போம். என்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால், பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். அப்போதுதான் மின்சாரம் உள்ளே ஏறும். என்ஜின் ஓடியும் முள் 12.3இலேயே நின்றால், ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ ஒயரோ பழுது. பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள்.

முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் பொடியையும் பாருங்கள். அது இணைப்பில் 0.02 ஓம் தடையை உண்டாக்கினால் என்ன ஆகும்? ஓமின் விதி உங்களுக்குத் தெரியும். 50 ஆம்பியர் ஓடினால் 50 × 0.02 = 1 வோல்ட் அங்கேயே வீண். 50 வாட் வெப்பமாக அந்த முனையே சுடும். படகுக்காரர் மோட்டார் வலுவிழந்ததாக நினைப்பார். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினால் தீர்ந்தது. இதற்காகப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

இன்னொன்று, அரைகுறையாக நிரப்புவது. காரீயப் பேட்டரி முதல் 80 விழுக்காட்டைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கடைசி 20 விழுக்காட்டுக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் கேட்கும். அவசரப்பட்டு நாள்தோறும் பாதியில் நிறுத்தினால், நிரம்பாத அந்தப் பகுதி என்ன ஆகிறது என்பதைத் தூர் சேரும் இடத்தில் சொல்கிறேன்.

மதகுக் கசிவு

வண்டியை அணைத்துச் சாவியையும் எடுத்துவிட்டோம். எல்லாம் உறங்குகின்றன என்று நினைப்போம். இல்லை! கடிகாரம் விழித்திருக்கிறது. திருட்டு எச்சரிக்கை விழித்திருக்கிறது. கணினிப் பெட்டிகளின் நினைவகம் விழித்திருக்கிறது. இக்காலக் கார் ஒன்று நின்றபடியே 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை குடிப்பது இயல்பு.

50 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 0.05 × 24 = 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 19 நாளில் பாதி வடிந்துவிடும். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி, வாரக்கணக்கில் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றதை நினைத்துப் பாருங்கள். அந்நாட்களில் எத்தனையோ வீடுகளில் வண்டி கிளம்ப மறுத்ததற்குக் காரணம் இந்தச் சின்னக் கணக்குதான்.

அதற்கு மேலும் ஒரு கசிவு சேர்ந்தால்? டிக்கியை மூடியும் அணையாத ஒரு 5 வாட் விளக்கு 0.42 ஆம்பியர் எடுக்கும். நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி. ஐந்து நாள்கூடத் தாங்காது. படகில் என்றால், அடியில் சேரும் நீரை இறைக்கும் தானியங்கிப் பம்பு இந்த வேலையைச் செய்யும்.

கண்டுபிடிப்பது எப்படி? எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைக்க வேண்டும். கணினிகள் உறங்க அரை மணி பொறுக்க வேண்டும். அதன் பிறகும் மின்னோட்டம் மிகுந்திருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எந்த ஃபியூஸை உருவியதும் அளவு சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு! ஆனால் மீட்டர் தொடரில் இருக்கும்போது தப்பித்தவறியும் வண்டியைக் கிளப்பக் கூடாது, மீட்டர் புகைந்துவிடும். இச்சோதனையைப் பட்டறைக்காரர் உடனிருக்கச் செய்யுங்கள்.

எதிர்முனையை ஏன் முதலில் கழற்றுகிறோம் என்று கேளுங்கள். வண்டியின் உடல் முழுதும் எதிர்முனையோடு சேர்ந்தது. முதலில் நேர்முனையைத் தொட்ட ஸ்பானர் தவறி உடலில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; ஸ்பானர் பழுக்கக் காய்ந்துவிடும். எதிர்முனையைக் கழற்றிவிட்டால் சுற்று முறிந்துபோகும், அச்சமில்லை. மாட்டும்போது அதுவே கடைசி.

இன்னொரு விந்தையான கசிவு, பேட்டரியின் தலையிலேயே நடக்கும். அமிலப் படலமும் தூசியும் ஈரமும் சேர்ந்து இரு முனைகளுக்கிடையே ஒரு மெல்லிய மின்பாதையைப் போட்டுவிடும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வோல்ட்மீட்டரின் ஒரு கம்பியை எதிர்முனையிலும், மற்றொன்றை மூடியின் பிளாஸ்டிக் பரப்பிலும் வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். பிளாஸ்டிக் மின்சாரம் காட்டக் கூடாது. காட்டினால் அழுக்குப் பேசுகிறது!

தானே ஊறிப்போகும் நீர்

எதையும் இணைக்காமல் மூலையில் வைத்தாலும் பேட்டரி மெல்லக் குறையும். தகடுகளைத் தாங்கும் காரீயச் சட்டத்துக்கு வலுவேற்ற ஆன்டிமனி என்னும் உலோகத்தைக் கலப்பது பழைய வழக்கம். அந்த ஆன்டிமனி நாளடைவில் கரைந்து எதிர்த்தகட்டுக்குப் போய்ப் படிந்து, உள்ளுக்குள்ளேயே குட்டி மின்சுற்றுகளை உண்டாக்கிவிடும். அதற்குப் பதில் கால்சியம் சேர்த்த வகைகளில் இக்குறை குறைவு.

வெப்பம் இன்னும் பெரிய எதிரி. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இந்த உட்கசிவு ஏறத்தாழ இருமடங்காகிறது. 25 பாகையில் இருப்பதைவிட 45 பாகையில் நான்கு மடங்கு! சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்த பேட்டரியின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது எதிரி நாமே ஊற்றுவது. மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும்தான் சேர்க்க வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்திருக்கும் இரும்பு, இரு தகடுகளுக்கும் நடுவே ஓயாமல் அலையும் கள்ளத் தூதுவன். நேர்த்தகட்டில் எலக்ட்ரானைக் கொடுக்கும், எதிர்த்தகட்டுக்குப் போய் வாங்கும், மறுபடியும் திரும்பும். வெளிச்சுற்று இல்லாமலே மின்சாரம் தீரும். சிலர் 'வலு ஏறட்டும்' என்று அமிலத்தையே ஊற்றுகிறார்கள். ஹைட்ரோமீட்டர் மயங்கி 'நிறைவு' என்று காட்டும்; தகடோ அரிபடும்.

பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள். அதற்காகவே பல பட்டறைகளில் பலகை போட்டு வைப்பதைப் பார்க்கலாம். பெட்டிகள் மரத்தாலும் ரப்பராலும் ஆன அந்தக் காலத்தில், ஈரத்தரையில் இதற்குக் கொஞ்சம் பொருள் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு இல்லை. பலகை இருந்தால் இருக்கட்டும், கெடுதல் இல்லை.

தூர் சேர்ந்த ஏரி

மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது என்று பார்த்தோம். புதிதாகப் படியும்போது அது மாவுபோல் நுண்ணியது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் காலியான பேட்டரியை நாட்கணக்கில் அப்படியே போட்டுவிட்டால்? சிறு படிகங்கள் கரைந்து பெரும் படிகங்களாக வளர்கின்றன. கற்கண்டு விளைவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதேபோலத்தான். பெரும் படிகம் எளிதில் கரையாது, மின்சாரத்தையும் கடத்தாது. தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு உதவாமல் போகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் 'சல்பேட் ஆயிடுச்சு' என்கிறார்கள். நாள்தோறும் முழுதும் நிரப்பாமல் விட்ட அந்த 20 விழுக்காடும் இப்படித்தான் கல்லாகிறது.

விடுமுறை முடிந்து ஏரிக்கரையில் படகைக் கட்டிவிட்டு, 'அடுத்த மாதம் வரும்போது சார்ஜ் போடலாம்' என்று போகிறவர் உண்மையில் தூர் கொட்டிவிட்டுப் போகிறார். அன்று மாலையே ஏற்றிவைத்தால் பேட்டரி பிழைத்தது.

தூர் சேர்ந்த பேட்டரி நன்றாக ஏமாற்றும். சார்ஜர் சீக்கிரமே 'நிரம்பிவிட்டது' என்று விளக்குக் காட்டும். ஓய்வுக்குப் பின் 12.6 வோல்ட்டும் இருக்கும். வேலை கொடுத்தால் மடமடவென்று விழும். வண்டியைக் கிளப்பும் நொடியில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் ஐயம் கொள்ளலாம். இன்னும் துல்லியமாக அறிய, 12 வோல்ட் 60 வாட் விளக்கு ஒன்றை இணைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அது 5 ஆம்பியர் எடுக்கும். 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆக வேண்டும். 10 மணியில் இறங்கினால் ஏரியில் பாதி தூர். சோதனை முடிந்ததும் தாமதமின்றிச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சோதனையே நோயாகிவிடும். சாதாரணக் கார்ப் பேட்டரிக்கு இந்தச் சோதனை வேண்டாம். அது ஓட்டக்காரன் அல்லவா?

இதற்கு நடுவே ஒரு நியாயம் பேசியாக வேண்டும். 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய பேட்டரி 50 ஆம்பியர் மோட்டாரை 2 மணி நேரம் ஓட்டவில்லை என்றால் அது குற்றமல்ல! ஜெர்மானியரான பாய்க்கர்ட் 1897இல் இதைக் கண்டு சொன்னார். வேகமாக உறிஞ்சினால் அமிலம் தகட்டின் நுண்துளைகளுக்குள் ஊறிச் சேர நேரம் கிடைப்பதில்லை. ஆகவே மொத்தத்தில் கிடைப்பதே குறைகிறது. அவருடைய வாய்பாட்டில் வழக்கமான 1.2 என்ற அடுக்கெண்ணைப் போட்டால், அந்தப் பேட்டரி 50 ஆம்பியரில் ஏறத்தாழ 1 மணி 15 நிமிடம்தான் தாங்கும். வேகத்தைக் குறைத்து 25 ஆம்பியரில் ஓட்டினால் 2 மணி 50 நிமிடத்துக்கு மேல் வரும். மெதுவாகப் போகிற படகுக்காரருக்கு மீனும் கிட்டும், மின்சாரமும் மிஞ்சும்.

ஆறு கலங்களில் ஒன்று மட்டும் கெடுவதும் உண்டு. உதிர்ந்த பொருள் அடியில் குவிந்து இரு தகடுகளையும் தொட்டுவிட்டால் அந்தக் கலம் செத்தது. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பேட்டரி 10.5 வோல்ட் அளவிலேயே நிற்கும். ஐந்து கலத்தில் 1.26, ஒன்றில் மட்டும் 1.15 என்று ஹைட்ரோமீட்டர் காட்டிக்கொடுக்கும். பெரிய படகுகளில் 24 வோல்ட்டுக்காக இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைப்பார்கள். அப்போது பழையதொன்றும் புதியதொன்றும் சேர்த்தால், நலிந்தது முதலில் காலியாகி, மற்றது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ள, அதன் முனைகளே தலைகீழாகிக் கெடும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இத்தனைக்கும் லித்தியம் விடை ஆகாதா என்று கேட்பீர்கள். ஓரளவு ஆகும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்னும் சூரியமின் படகு 75 பேரை ஏற்றிச் செல்வது. அதில் இருப்பவை லித்தியம் பேட்டரிகள். அவற்றில் சல்பேட் தூர் இல்லை, தானே குறைவதும் மிகச் சிறிது. ஆனால் வரத்துக்காலும் மதகும் அவற்றுக்கும் உண்டு. நம் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் காரீயம், லித்தியம் ஆகிய இரண்டின் நோய்களையும் ஆராய்கிறார்கள்.

சார்ஜ் ஏறும்போது நிறைவுக் கட்டத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிடும். அந்தக் கலவைக்கு ஒரு தீப்பொறி போதும், பெட்டி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். ஆகவே காற்றோட்டமான இடம், கண்ணுக்குக் கண்ணாடி, அருகில் ஒரு வாளி நீர். தீக்குச்சி வெளிச்சத்தில் அமில மட்டம் பார்க்கவே கூடாது. மூடிகளை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம்.

நான்கையும் சோதித்த பிறகு உண்மையிலேயே தூர்தான் என்று தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். உலகில் மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் கலந்திருப்பதாக யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பழைய பேட்டரிகளைத் திறந்தவெளியில் உடைத்து உருக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஓட்டை உடைசல் வாங்குகிறவர் சற்றுக் கூடுதல் விலை சொன்னாலும் அவரிடம் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். எடைபோட்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதை முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஒழுங்காக உருக்கினால் அந்தக் காரீயம் மறுபடியும் தகடாகி, ஒரகடம் சாலையில் போகும் ஏதோ ஒரு புது வண்டியில் ஏறிக்கொள்ளும்.